பீர் மைதீன் மில்லுக்குக் கூரை வந்த கதை

பாளையங்கோட்டைக் கட்டடப் பொறியாளர் சங்கரசுப்பிரமணியன் வரைந்து கொடுத்த கூரை எதுவும் இதுவரை விழுந்ததில்லை. முக்கூடலில் ஒன்றே ஒன்று சூறைக்காற்றில் பறந்துபோய் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வாழைத்தோட்டத்தில் இறங்கியது. இறங்கின இடத்திலும் ஒரு போல்ட்டு கழலாமல் நாலு காலில் நின்றது. தோட்டக்காரர் அதன் நிழலில் மாட்டைக் கட்டிக்கொண்டார். பறந்தது காற்றின் குற்றம், நின்றது கணக்கின் பெருமை என்பது சங்கரசுப்பிரமணியனின் கட்சி.

அந்தக் கணக்கையெல்லாம் போடுகிற மென்பொருள், விஜயதசமிக்கு மறுநாள் காலையில் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. ஐகானை அழுத்தினால் திரையில் நீல நிறத்தில் ஒரு பாலம் வரும். கொஞ்ச நேரம் நிற்கும். அப்புறம் பாலமும் இருக்காது, மென்பொருளும் இருக்காது, முகப்பில் அவர் பேரனுடைய படம் மட்டும் பல் இல்லாமல் சிரிக்கும்.

எதிரே நாற்காலியில் பீர் மைதீன் உட்கார்ந்திருந்தார். மேலப்பாளையத்தில் அரிசி மில் வைத்திருப்பவர். நெல் அடுக்குகிற கிட்டங்கியின் பழைய ஓட்டுக்கூரையைப் பிரித்தாகிவிட்டது, வெல்டர்மார் வந்து இறங்கியாகிவிட்டது, புதுக் கூரைக்கான படம் மட்டும்தான் வரவில்லை. நெல் மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்க, வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாயங்காலத்துக்குள் படம் கைக்கு வராவிட்டால் எதிர்த்தெரு இன்ஜினியரைப் பார்க்கப் போவதாக அவர் டீயை ஆற்றிக்கொண்டே, யாரையும் நோகடிக்காத குரலில் சொன்னார். எதிர்த்தெருக்காரரின் கூரைகள் ஒழுகும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர் சங்கரசுப்பிரமணியன். அங்கேயே இந்த வேலை போகப் போகிறது என்றதும் நாற்காலியைக் கம்ப்யூட்டருக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். வைரஸ் தடுப்பானைத் தூங்க வைத்தார். மின்வாரியத்தைக் குறை சொன்னார். பிறகு ஆயுத பூஜைக்குப் பெட்டியின் மேல் வைத்த சந்தனத்தைச் சந்தேகப்பட்டு, ஈரத்துணியால் துடைத்தார். கூடப் படம் வரைகிற டெல்பின்தான் அதை வைத்தது. மணப்பாட்டுப் பெண், அவளும் பொறியியல் படித்தவள். வருஷா வருஷம் ஆபீஸ் பூஜையில் சந்தனம் குழைப்பது அவள் வேலை, கிறிஸ்துமஸ் குடிலுக்கு மூங்கில் வெட்டுவது அவர் வேலை. இந்தச் சந்தனம் வெளித்தகட்டோடு நின்றது, உள்ளே போக அதற்கு வழி தெரியாது என்று அவள் வழக்காடினாள்.

கடைசியில் மென்பொருளை வேரோடு பிடுங்கிவிட்டுப் புதிதாக ஏற்றினார். பழைய அமைப்புகளை வைத்துக்கொள்ளட்டுமா என்று அது மரியாதையாகக் கேட்டது. பெரிய மனசு பண்ணி, வைத்துக்கொள் என்றார். நீலப் பாலம் வந்தது. நீலப் பாலம் போனது.

"சார், கடைசியா எதைத் தொட்டீங்க?" என்றாள் டெல்பின்.

"நான் ஒண்ணையும் தொடலையே" என்றார்.

சொன்ன மாத்திரத்தில் அவர் காதுக்கே அது கூசியது. சுவரை இடித்துவிட்டு வருகிற வீட்டுக்காரர்கள் எல்லாம் அவரிடம் சொல்லுகிற வாசகம் அது. அவர்களைப் பார்த்து அவர் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதையே டெல்பின் இப்போது சிரித்தாள்.

அப்போதுதான் விஜயதசமிக் காலை ஞாபகம் வந்தது. நல்ல நேரத்தில் வேலையைத் தொட்டு வைக்க வேண்டும் என்று, மென்பொருள் எழுந்ததும் முதலில் படித்துப் பார்க்கிற தொடக்கக் கோப்பைத் திறந்தார். பீர் மைதீன் வேலைக்கான விவரத்தை அதில் சேர்த்தார், மூடினார், குலசேகரன்பட்டினத்துக்குத் தசரா பார்க்கப் போய்விட்டார். பழைய அமைப்புகளோடு பத்திரமாகத் தங்கிவிட்ட அந்தக் கோப்பை இப்போது திறந்தால், எல்லா வரிக்கும் மேலே, தனியாக, சம்மணம் போட்டு ஒரு 'உ'.

பிள்ளையார் சுழி. மளிகைச் சீட்டானாலும் அது இல்லாமல் அவர் கை நகராது. ஒரு தடவை ஹெல்மெட் போடாததற்கு போலீஸ்காரர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துக்கு மேலே அதைப் போட்டு, போலீஸ்காரரைக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வைத்தவர். மென்பொருளுக்கு அந்தப் பக்தி இல்லை. முதல் வரியிலேயே புரியாத ஒன்றைப் பார்த்து மயங்கி விழுந்திருக்கிறது.

அழிக்க வேண்டியதுதான். விரல் அழிப்பு விசை வரைக்கும் போய் நின்றுகொண்டது. இத்தனை வருஷத்தில் எழுதியிருக்கிறாரே தவிர ஒருநாளும் அழித்ததில்லை.

"நீ அழிச்சிரு தாயி. உனக்கு ஒண்ணும் வராது."

"எனக்கும் அவரு வேண்டப்பட்டவருதான் சார். எத்தனை வருஷமா கொழுக்கட்டை திங்கேன்."

பீர் மைதீனைப் பார்த்தார். அவர் அவசரமாக டீக் கிளாசுக்குள் பார்த்தார்.

அழிக்கவே வேண்டாம் என்றாள் டெல்பின். அந்த வரிக்கு முன்னால் ';' என்று ஓர் அரைப்புள்ளி வைத்தால் போதும், அது குறிப்பு என்று நினைத்து மென்பொருள் பார்க்காமல் தாண்டிப் போய்விடும், பிள்ளையார் பாட்டுக்கு இருந்த இடத்தில் இருப்பார். சங்கரசுப்பிரமணியனுக்கு இது அதைவிடப் பெரிய தலைவலியானது. உலகத்தில் எதற்கும் முன்னால் பிள்ளையார், பிள்ளையாருக்கே முன்னால் ஓர் அரைப்புள்ளியா? கைகட்டி உட்கார்ந்துவிட்டார். வாசல் தகரத்தில் முதல் தூறல் விழுந்தது.

பீர் மைதீன் கிளாசைக் கீழே வைத்தார்.

"ஏன் வே, எங்க மில்லுக்கு அடுத்தாப்புல உங்க பிள்ளையார் கோயில்தான இருக்கு. அங்கன அவருக்கு நேர் முன்னால ஒரு மூஞ்சூறு நிக்கும்லா?"

சங்கரசுப்பிரமணியன் திரையைப் பார்த்தார். டெல்பின் அரைப்புள்ளியைத் தட்டினாள். மேலே ஒரு தலை, கீழே வளைந்து ஒரு வால். அச்சு அசல் மூஞ்சூறு.

நீலப் பாலம் வந்தது, நின்றது, விலகியது, வெள்ளைத்தாள் விரிந்தது. மத்தியானச் சாப்பாட்டை மறந்து இருவரும் வரைந்த படம் சூடாக வெளியே வந்தது. பீர் மைதீன் அதைச் சுருட்டி, தன்னை நனையவிட்டு அதற்குக் குடை பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனவர், திரும்பினார்.

"நாளைக்கு ஒழுகுச்சுன்னா யார்கிட்ட வே கேக்க? பிள்ளையார் கிட்டயா, மூஞ்சூறு கிட்டயா?"

"என்கிட்டயே கேளுங்க அண்ணாச்சி" என்றார் சங்கரசுப்பிரமணியன். "எங்க மூணு பேர்ல 'நான் ஒண்ணையும் தொடலையே'ன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான்."