ஊறுகாய் பிரபுவின் வாயில் விழுந்தவர்

மைதானத்து மாமரத்தடியில் தார்ப்பாய் விரித்து இருந்தவர்கள்: மருந்துக்கடையில் வேலை பார்க்கும் லிஸ்ட்ரா. அவளுடைய பெரிய அக்கா மேவிஸ், கேலி பேச ஆரம்பித்தால் எதிராளி அழும்வரை நிறுத்தாதவள். சின்ன அக்கா யூனா, எதிராளி அழுத பிறகும் நிறுத்தாதவள். யூனாவின் புருஷன் சுக்தியோ, வாயைத் திறப்பது சாப்பிடவும் சிரிக்கவும் மட்டும். நடுவில் ஒரு பெரிய ஐஸ் பெட்டி. இவர்களிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, சொந்தமாகக் கொண்டுவந்த மடக்கு நாற்காலியில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஹாலிஸ்.

ஹாலிஸ் டிரைவிங் லைசன்ஸ் ஆபீசில் பரிசோதகர். டிரினிடாட் தீவின் லா ரோஷ் ஊரில் பாதிப் பேரை அவர் ஃபெயிலாக்கியிருக்கிறார். மீதிப் பேர் இன்னும் லைசன்சுக்கு எழுதிப் போடவில்லை. வண்டியைக் கிளப்புமுன் கண்ணாடியைப் பார்க்காவிட்டால் ஃபெயில். பார்த்துவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்தாலும் ஃபெயில். லஞ்சம் வாங்கமாட்டார். வாங்கினாலாவது பரவாயில்லை என்று ஊர் பேசிக்கொண்டது.

அப்பேர்ப்பட்ட மனிதர் போன கிறிஸ்துமஸ் அன்று லிஸ்ட்ராவின் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். அவளைக் கட்டிக்கொள்ளும் யோசனை இருவருக்கும் இருந்தது. அக்காமார் பார்த்துச் சரி சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வண்டியை நேராகவே நிறுத்தியிருக்கலாம். பரிசோதகர் ஆயிற்றே, ரிவர்சில் நிறுத்தப் போனார். பின்னால் யூனா நின்று, "வரலாம், வரலாம், வா" என்று கையசைத்தாள். வந்தார். வண்டியின் பின்பாதி தெருவோரச் சாக்கடைக்குள் போய் உட்கார்ந்தது. விருந்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் கையில் கிளாசோடு வெளியே வந்து பார்த்துச் சிரித்தது. பிறகு கிளாசை மதில்மேல் வைத்துவிட்டு வண்டியைத் தூக்கியும் விட்டது. ஹாலிஸ் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமலே, ரம்மில் ஊறிய கேக்கில் ஒரு துண்டைக்கூடத் தொடாமலே, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யூனாதான் கையசைத்தாள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. யூனாவை மூன்று தடவை ஃபெயிலாக்கியவர் அவர்தான். அவள் சொல்லைக் கேட்டு வண்டியைப் பின்னால் எடுத்தேன் என்று சொல்வதைவிடச் சாக்கடையில் விழுந்தவன் என்ற பெயரே மேல்.

அதன்பிறகு தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில் மருந்துக்கடைக்கு மட்டும் போய்வந்தார். தலைவலி கிடையாது. வீட்டில் மாத்திரை டப்பாக்கள் குவிந்தன. போன வாரம் லிஸ்ட்ரா மாத்திரையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"சுதந்திர தினத்தன்னிக்கு மைதானத்துல கச்சேரி. டிக்கெட் கிடையாது. அக்காங்க வருவாங்க. நீங்களும் வாங்க. ஆனா ஒண்ணு. என் வீட்டுல எல்லாரும் எல்லாரையும் கலாய்ப்போம். செத்தவங்களையும் விடமாட்டோம். கோவிச்சுக்கிட்டு மறுபடியும் எந்திரிச்சுப் போனீங்கன்னா, அதோட சரி. மாத்திரைய வேற கடையில வாங்கிக்கோங்க."

ஆகையால் ஹாலிஸ் ஒரு முடிவோடு வந்திருந்தார். யார் என்ன சொன்னாலும் வாயைத் திறப்பதில்லை. சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பது. கச்சேரி முடிகிறவரை தாக்குப்பிடித்தால் லிஸ்ட்ரா தனக்கு.

முடிவு நல்ல முடிவுதான். ஆனால் டிரினிடாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் எடுக்கக்கூடிய முடிவல்ல. அங்கே ஒருவன் கேலி செய்தால் அடுத்தவன் பதிலுக்குக் கேலி செய்தாக வேண்டும். கோபித்துக்கொள்கிறவன் தோற்றவன். பதிலே சொல்லாதவன் அதைவிட மோசம். அவன் உங்களை மதிக்கவில்லை என்று அர்த்தம். இது ஹாலிசுக்கும் தெரியும். பயத்தில் மறந்துபோனார்.

மேடை என்பது ஒரு லாரியின் பின்தட்டு. சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாகத் துணி சுற்றியிருந்தது. ஊர் இசைக்குழு எஃகு டிரம்களை வரிசையாக வைத்துக்கொண்டு நின்றது. தேசிய கீதத்துக்கு மைதானம் எழுந்தது. ஹாலிஸ் கைகளை விலாவோடு ஒட்டி எல்லோரையும்விட நேராக நின்றார்.

"ஐயா நிக்கிறதப் பாரு," என்றாள் மேவிஸ். "ஹேண்ட் பிரேக் போட்டுட்டாரு."

ஹாலிஸ் புன்னகைத்தார்.

கீதம் முடிந்ததும் மழை வந்தது. ஆகஸ்ட் கடைசியில் அங்கே மழை வராவிட்டால்தான் செய்தி. ஒருவரும் கிளம்பவில்லை. தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அதற்கடியில் ஐஸ் பெட்டியைத் திறந்தார்கள். கோழியும் துவரையும் சோறும் ஒன்றாக வெந்த பிலாவ் வெளியே வந்தது. ஹாலிஸ் கையில் ஒரு தட்டைத் திணித்தாள் யூனா.

"சாப்பிடுங்க ஆபீசர். பாஸா ஃபெயிலான்னு சொல்லுங்க."

ஹாலிஸ் புன்னகைத்தபடி சாப்பிட்டார். பிலாவ் அருமையாக இருந்தது. அடிப்பிடித்த பகுதி மட்டும் கொஞ்சம் அதிகம். சொல்லவில்லை.

"உப்பு பத்தலையோ?"

புன்னகை.

"காரம்?"

புன்னகை.

யூனா மேவிசைப் பார்த்தாள். மேவிஸ் லிஸ்ட்ராவைப் பார்த்தாள். "இந்தாளுக்கு நாமெல்லாம் மனுஷங்களாத் தெரியலடி," என்றாள் மேவிஸ், குரலைத் தாழ்த்தாமலே. "சர்ச்சுல பிச்சைக்காரனப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே சிரிக்கிறாரு."

லிஸ்ட்ராவின் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது. ஹாலிசுக்கு வியர்த்தது. கோபப்படவில்லையே, எழுந்து போகவில்லையே, இன்னும் என்ன வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. சுக்தியோ அவர் பக்கமாக நகர்ந்து, வாயில் சோற்றோடு முணுமுணுத்தான்:

"சகல, ஏதாச்சும் திருப்பிச் சொல்லுங்க. நான் கல்யாணமாகி வந்த புதுசுல இப்படித்தான் கம்முனு இருந்தேன். இவனுக்கு வயித்துல பூச்சின்னு முடிவு பண்ணி, வாரா வாரம் விளக்கெண்ணெய் குடுத்தாங்க."

மழை விட்டது. வெயில் வந்தது. தார்ப்பாயை மறுபடியும் கீழே விரித்தார்கள். லாரித்தட்டில் ஊறுகாய் பிரபு ஏறினார்.

ஊறுகாய் பிரபு என்பது மேடைப் பெயர். நிஜத்தில் அவர் தண்ணீர் இலாகாவில் குழாய் பழுது பார்க்கிறவர். பச்சை கோட்டும் இறகு செருகிய தொப்பியும் போட்டுக்கொண்டு ஏறினால், கூட்டத்திலிருந்து ஆளைப் பிடித்து நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டுவார். நம் எசப்பாட்டு மாதிரிதான். அவர் நான்கு வரி பாடுவார். மாட்டிக்கொண்டவன் நான்கு வரி பதில் பாட வேண்டும். தோற்றவன் பெயர் அடுத்த சுதந்திர தினம்வரை ஊர்வாயில் கிடக்கும்.

முதலில் ஊராட்சி உறுப்பினரைப் பாடினார். பிறகு தபால்காரரை. பிறகு தொப்பியைக் கண்ணுக்கு மேலே தள்ளிவிட்டு மாமரத்தடியைப் பார்த்தார்.

"அங்க ஒருத்தர் நாற்காலியோட வந்திருக்காரு. சீட் பெல்ட் போட்டிருக்காரான்னு பாருங்கப்பா."

மைதானம் திரும்பியது. ஊறுகாய் பிரபு குரலெடுத்தார். டிரம்கள் பின்னால் துள்ளின.

"லைசன்சு கேட்டு நின்னா லட்சம் கேள்வி கேப்பாரு,
சைடு கண்ணாடி பாக்கலைன்னா பாதிரியாட்டம் மொறைப்பாரு,
ரிவர்ஸ் சரியில்லன்னு ஊருக்கெல்லாம் ஃபெயிலு போட்டாரு,
கிறிஸ்துமஸ் அன்னிக்கு அவரே போயி சாக்கடையில குந்தினாரு."

சிரிப்பு எழுந்தது. அது சாதாரணச் சிரிப்பில்லை. ஃபெயிலானவர்களின் சிரிப்பு. வருஷக்கணக்கில் தேக்கி வைத்திருந்தது. ஒரு கிழவர் ஊன்றுகோலால் ஐஸ் பெட்டியைத் தட்டிக்கொண்டே சிரித்தார். அவரை ஹாலிஸ் ஃபெயிலாக்கியபோது அவருக்குத் தலை நரைக்கவில்லை. யாரோ மைக்கைக் கைமாற்றிக் கைமாற்றி மாமரத்தடிக்குக் கொண்டுவந்து ஹாலிசின் மூக்குக்குக் கீழே நீட்டினார்கள்.

ஹாலிஸ் புன்னகைத்தார். மைதானம் காத்திருந்தது. புன்னகைத்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. யாரோ, "தலைக்கனம்," என்றார்கள். ஊறுகாய் பிரபு தோளைக் குலுக்கி அடுத்த ஆளைத் தேடத் தொடங்கினார்.

லிஸ்ட்ரா தட்டுகளைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தாள். அவரைப் பார்க்கவில்லை. அப்போதுதான் ஹாலிசுக்கு விஷயம் உறைத்தது. எழுந்து போகாமலே போய்விட்டோம், அவ்வளவுதான்.

அவர் எழுந்து நின்றார். மேவிஸ், "கெளம்பிட்டாரு," என்றாள். ஹாலிஸ் மைக்கைப் பிடித்தார். அவருக்குப் பாட வராது. சர்ச்சில்கூட வாயை மட்டும் அசைப்பவர்.

"சாக்கடையில விழுந்தவன் நான், சத்தியமா ஒத்துக்கிறேன்," என்று ஆரம்பித்தார். குரல் கரகரத்தது. டிரம்காரர்கள் பாவம் பார்த்து வேகத்தைக் குறைத்தார்கள்.

"பின்னால நின்னு கையாட்டினது யாருன்னு இப்பச் சொல்லப்போறேன்,
'வரலாம் வரலாம் வா'ன்னா ஒருத்தி, வாயப் பாத்து நம்பி வந்தேன்,
மூணு தடவ ஃபெயிலான யூனா பேச்சக் கேட்டவனுக்கு வேற என்னதான் கிடைக்கும்."

கடைசி வரி தாளத்துக்குள் அடங்கவில்லை. சாக்கடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வண்டி மாதிரி நின்றது. பிறகு ஒருவன், "வரலாம்," என்றான். இன்னொருவன், "வரலாம்," என்றான். ஊரே, "வா," என்றது. டிரம்கள் அதைப் பிடித்துக்கொண்டன. மைதானம் முழுக்கக் கைகள் முன்னும் பின்னும் அசைந்தன. எல்லோரும் யூனாவைப் பார்த்தார்கள்.

யூனா எழுந்தாள். பெரிய உடம்புக்காரி, அவள் எழுந்தபோது தார்ப்பாயும் கொஞ்சம் கூடவே எழுந்தது. ஹாலிசின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். பாடவில்லை. பேசினாள்.

"மூணாவது தடவ ஏன் ஃபெயிலானேன் தெரியுமா உங்களுக்கு? இண்டிகேட்டர் போட்டேன், கண்ணாடி பாத்தேன், எல்லாம் சரியாப் பண்ணேன். எறங்கும்போது கதவ வேகமாச் சாத்திட்டேனாம். அதுக்கு ஃபெயில்." மைதானம் உச்சுக் கொட்டியது. "அதனால கிறிஸ்துமஸ் அன்னிக்கு, சாக்கடை எங்க இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். முப்பது வருஷமா அந்தத் தெருவுலதான் இருக்கேன். தெரிஞ்சுதான் வா வான்னேன்."

இப்போது வந்த சிரிப்பில் மாமரத்துப் பறவைகள் பறந்துபோயின. சுக்தியோ தார்ப்பாயில் விழுந்து புரண்டான். மேவிசுக்கே இது புதுச் செய்தி. அவள் தங்கையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், பெருமையில்.

ஹாலிசின் காது மடல்கள் சுட்டன. எத்தனை மாதம். மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டது, ஆபீசில் பியூன்கூட முதுகுக்குப் பின்னால் ரிவர்ஸ் ஹாரன் சத்தம் கொடுத்தது, வேண்டாத மாத்திரைகள், எல்லாம் இவள் வேண்டுமென்றே செய்ததால். கால்கள் மைதானத்து வாசல் பக்கம் திரும்பப் பார்த்தன. நாற்காலியை மடக்கக் கை போனது.

லிஸ்ட்ரா தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. என்ன செய்கிறார் பார்ப்போம் என்று பார்த்தாள்.

ஹாலிஸ் நாற்காலியை மடக்கினார். மடக்கியதை மாமரத்தில் சாய்த்தார். தார்ப்பாயில், யூனா எழுந்த இடத்துக்குப் பக்கத்தில், ஈரத்தில், இஸ்திரி போட்ட கால்சட்டையோடு உட்கார்ந்தார். மைக்குக்காகக் கையை நீட்டினார்.

"யூனாம்மா," என்றார். "திங்கக்கெழமை காலையில நாலாவது தடவைக்கு வாங்க. நானே பக்கத்துல உக்காந்து வரேன்."

"பாஸ் பண்ணுவீங்களா?" என்று கத்தினான் ஒருவன்.

"வேணும்னே ஆள சாக்கடைக்குள்ள எறக்குறதா இப்பத்தானே வாக்குமூலம் குடுத்தாங்க," என்றார் ஹாலிஸ். "ஆயுசுக்கும் ஃபெயில். அந்தப் பிலாவும் அடிப்பிடிச்சிருக்கு. அதுவும் ஃபெயில்."

யூனா இடுப்பில் கைவைத்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்தால் மைக் தேவையில்லை. ஊறுகாய் பிரபு தொப்பியைக் கழற்றித் தலை தாழ்த்தினார். லிஸ்ட்ரா முகத்தைத் கைத்துண்டால் மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று ஹாலிஸ் பயந்து எட்டிப் பார்த்தார். அழவில்லை. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்திருந்தது.

"தண்ணி குடி," என்றார்.

"கண்ணாடி பாத்துட்டுக் குடிக்கணுமா?" என்றாள் அவள் விக்கலுக்கு நடுவே.

"இடமும் வலமும் பாக்கணும்."

பொழுது சாயக் கச்சேரி முடிந்தது. சேறு மிதித்துக் கூட்டம் கலைந்தது. வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் ஹாலிசைப் பார்த்து ஏதோ ஒன்று சொன்னார்கள். அவரும் ஏதோ ஒன்று திருப்பிச் சொன்னார். பாதி நன்றாக இல்லை. பரவாயில்லை, ஒருவர்கூட அவரை ஐயா என்று கூப்பிடவில்லை. ஐஸ் பெட்டியின் ஒரு பிடி அவர் கையில், மறு பிடி சுக்தியோ கையில்.

லிஸ்ட்ராவின் வீட்டுப் படியில் ஹாலிஸ் காலணியின் சேற்றைத் தட்டத் தொடங்கினார். வலதில் தட்டி முடித்து இடதுக்கு வந்தார்.

"உள்ள வாங்க ஆபீசர்," என்றாள் மேவிஸ் அறைக்குள்ளிருந்து. "அந்தச் செருப்பு பாஸாயிடுச்சு. விடுங்க."

அவர் உள்ளே போனார். சுவரில் நாலாபக்கமும் உறவுக்காரர்களின் போட்டோ. செத்தவர்கள், இருப்பவர்கள், அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். லிஸ்ட்ரா நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேவிஸ் அதற்கு எதிரே இன்னொன்றை இழுத்துப் போட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"மைதானத்துல ஊர் இருந்துச்சு, மரியாதைக்கு விட்டோம்," என்றாள். "இப்ப உக்காருங்க. நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

ஹாலிஸ் திரும்பிப் பார்த்தார். கடைசியாக உள்ளே வந்த யூனா கதவை மெதுவாக, பரீட்சையில் சாத்துவதுபோல அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள். சாவியை இரண்டு சுற்று சுற்றிப் பூட்டி, எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.