திறக்கிற பாதி

“உனக்குக் கை ரெண்டும் இடம் மாறிப் பொறந்துடுச்சா?” என்று அப்பா ஒருமுறை என்னைக் கேட்டார். அப்போது எனக்கு ஆறு வயது. இடது கையால் எழுதிக்கொண்டிருந்தேன். பென்சிலைப் பிடுங்கி வலது கையில் வைத்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் பென்சில் பழைய கைக்கே வந்துவிடும். பள்ளியை விட்டு நின்று இரண்டு வருடமாகிறது. தையல் கூடத்தில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுகிறேன். இன்றைக்கும் அதே கைதான்.

அப்பாவுக்குத் தரையில் பிளாஸ்டிக் ஷீட் வெட்டி ஒட்டுகிற வேலை. அலுவலகம், மருத்துவமனை என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். போன வருடம் ஓர் இயந்திரம் அவருடைய வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துக்கொண்டது. மிச்சமிருக்கும் மூன்று விரல்களால் ஷீட்டை அழுத்திப் பிடிக்கலாம். வேறு எதற்கும் அவை உதவாது. அதன் பிறகு அப்பா வீட்டில்தான் இருந்தார். ஜன்னலோர நாற்காலியில் ஒரே பேப்பரை இரண்டு முறை படிப்பார்.

போன வாரம் மேஸ்திரி வந்தார். “திங்கக்கெழமை வாங்க. ஒரு ரூம் போட்டுக் காட்டுங்க. சரியா வந்துட்டா மறுநாள்லேருந்து நீங்க என் ஆளு” என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது, “என் வழக்கம் தெரியுமில்ல?” என்றும் சொன்னார். எல்லோரும் முட்டி போட்டு நகர்கிற இடம் அது. வெட்டி முடித்ததும் கத்தி மடங்கிவிட வேண்டும். திறந்த கத்தியைத் தரையில் வைத்தவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அப்பாவின் பழைய கத்தியை நகத்தால் இழுத்துத்தான் திறக்க வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும். புதுக் கத்தி நானே வாங்கித் தருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் கடைக்காரரிடம் பேச வேண்டியிருக்கும் என்பது உறைத்தது.

சனிக்கிழமை வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். “இடது கையால தெறக்கிற மாதிரி மடக்குக் கத்தி வேணும்.” கடைக்காரர் ஒன்றை எடுத்து இடது கையில் பிடித்து, அலகின் பக்கத்திலிருந்த குமிழைக் கட்டைவிரலால் தள்ளினார். டக் என்று அலகு எழுந்து நின்றது. “வெண்ணெய் மாதிரி போகுது பாரும்மா” என்றார். தலையாட்டினேன். எந்தக் கையால் அவர் அதை மடக்கினார் என்று பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி. சனிக்கிழமையானால் வந்துவிடுவார். கத்தி நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சாம்பல் நிறப் பிடி, பிடியில் விரல் வழுக்காமலிருக்கக் கோடுகள். எண்ணெய் வாசனை என் விரலிலும் ஒட்டிக்கொண்டது. அப்பா அதை இடது உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். குமிழைத் தள்ளினார். டக். குழல் விளக்கு அலகில் நீளமாகத் தெரிந்தது. பேப்பரின் ஓரத்தை மூன்று விரலால் அழுத்திப் பிடித்து அலகை மேலிருந்து இழுத்தார். சத்தமே இல்லாமல் இரண்டானது.

“நல்ல எஃகு” என்றார் அப்பா.

பல மாதங்களுக்குப் பிறகு அவர் ஒரு பொருளை நல்லது என்று சொல்லி அப்போதுதான் கேட்டேன். எனக்குக் காது சூடானது.

பிறகு அதை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. பிடிக்குள் ஒரு மெல்லிய இரும்புப் பட்டை அலகின் அடியில் வந்து முட்டுக்கொடுத்து நின்றது. அதை ஓரமாகத் தள்ளினால்தான் அலகு மடங்கும். தள்ள வேண்டிய இடத்தில் கட்டைவிரலுக்கென்று ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள். ஆனால் அது வலது கைக் கட்டைவிரல் வருகிற பக்கம். அப்பாவின் இடது கட்டைவிரல் இந்தப் பக்கம் தடவித் தடவித் தேடியது.

மாமா எட்டிப் பார்த்தார். “அத்தான், கடைக்காரன் நம்ம பொண்ணுகிட்டப் பாதிக் கத்தியைத்தான் வித்திருக்கான். தெறக்கிற பாதி.”

அப்பா வலது கையின் மூன்று விரல்களைக் கொண்டுவந்து பட்டையைத் தள்ளிப் பார்த்தார். விரல் வழுக்கி அலகு சட்டென்று பாதி மடங்கியது. அம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

“போதும்ங்க. இருக்கிற விரலாவது இருக்கட்டும்.”

மாமா கத்தியை வாங்கி ஒரு நொடியில் மடக்கி அலமாரியில் வைத்தார். “ஏண்டி கோட்டான், கடையிலயே மூடிப் பார்க்கக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றார். அப்பா அதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். மறுநாள் ஞாயிறு, கடை கிடையாது. அதற்கு அடுத்த நாள் திங்கள்.

ஞாயிறு காலை கத்தியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன். இடது கையால் திறந்து, இடது கையால் மூட முயன்றேன். கட்டைவிரல் எட்டவே இல்லை. நடுவிரலுக்கு வலுவில்லை. ஆள்காட்டி விரலை அந்தப் பள்ளத்துக்குள் விட்டு அழுத்தியபோது பட்டை நகர்ந்தது, ஆனால் என் விரல் அலகு வருகிற பாதையிலேயே நின்றது. முதல் தடவை வெட்டியது. சின்ன வெட்டுதான். குழாயடியில் காட்டிவிட்டு மறுபடி முயன்றேன். அம்மா கதவைத் தட்டி, “தொட்டி ரொம்பி வழியுது, உள்ளே என்னடி பண்ற?” என்றாள்.

முப்பது தடவையாவது இருக்கும். கடைசியில் பிடிபட்டது. ஆள்காட்டி விரலால் பட்டையைத் தள்ள வேண்டும். அலகின் முதுகைத் தொடையில் வைத்துக் கொஞ்சமாக அழுத்த வேண்டும். அலகு அசைந்ததுமே விரலை எடுத்துவிட வேண்டும். மிச்சத்தைத் தொடை பார்த்துக்கொள்ளும்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? “அப்பா, இப்படிப் பண்ணுங்க” என்று நான் அவரிடம் ஆரம்பித்ததே இல்லை. அதுவும் அவர் மாற்றப் பார்த்த இடது கையைக் காட்டி.

மதியம் மொட்டை மாடியிலிருந்து பழைய அட்டைப் பெட்டிகளை இறக்கிவந்து, அப்பாவின் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். கத்தியைத் திறந்தேன். அட்டையில் ஒரு கீற்று வெட்டினேன். தொடையில் வைத்து மடக்கினேன். திறந்தேன், வெட்டினேன், மடக்கினேன். ஒவ்வொரு மடக்குக்கும் விரலை மெதுவாக நகர்த்தினேன். வெட்டுப்பட்ட இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி நனைந்து நழுவியது.

அம்மா சமையலறையிலிருந்து, “எதுக்குடி இவ்ளோ அட்டை?” என்றாள்.

“அலமாரிக்குக் கீழே போட.”

“நமக்கு இருக்கிறது ஒரே அலமாரி. நீ வெட்டுறது தெருவுக்கே வரும்.”

அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். நான் மூன்று பெட்டியை வெட்டி முடிக்கும்வரை பக்கம் திருப்பவில்லை. பார்த்தாரா, தூங்கிவிட்டாரா, கோபமா என்று தெரியவில்லை. நான்காவது பெட்டியில் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“அவசரப்படாத.”

எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா? கத்தியை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு அட்டைகளை அள்ளிக்கொண்டு எழுந்தேன். மாலையில் பார்த்தபோது கத்தி அங்கேயே கிடந்தது. வைத்த மாதிரியே.

திங்கள் காலை கத்தி அங்கே இல்லை. பிளாஸ்திரி டப்பா திறந்திருந்தது. அப்பா முட்டியில் பஞ்சு வைத்துத் தைத்த பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா சாப்பாட்டுப் பையை வலது தோளில் மாட்டிவிட்டாள். “நிதானமாச் செய்ங்க. முடியலைன்னா வந்துடுங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிடாது” என்றாள். சொல்லிக்கொண்டே சரியாக இருந்த பை வாரை மறுபடி இழுத்துவிட்டாள்.

அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி இடது கையால் கால்சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். டக் என்று கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவர் இடது முழங்கை தொடைப் பக்கம் லேசாக இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. சின்னதாக இன்னொரு சத்தம்.

மடங்கிய கத்தியை மறுபடி அதே பைக்குள் போட்டுக்கொண்டு அப்பா திரும்பினார். அவருடைய இடது ஆள்காட்டி விரலில் புதுப் பிளாஸ்திரி, என் விரலில் இருந்த அதே இடத்தில். அவர் என் கையைப் பார்த்தார். நான் பின்னால் மறைத்துக்கொள்ளப் போய், மறைக்காமல் விட்டேன்.

“போய்ட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?” என்றாள் அம்மா.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.