கூட்டைத் திருப்புகிறவள்

இப்போது அந்த டிரம்களுக்கு ஏகப்பட்ட மவுசு. பழைய ஃபைபர்கிளாஸ் செட் ஒன்று எங்கேயோ பரணில் கிடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், ஆலாய்ப் பறக்கிறார்கள். மரத்தில் வராத சத்தமாம், நெஞ்சுக்குள் இறங்குமாம். இருக்கட்டும், ரசிக்கட்டும். டிரம்மின் உடம்பான அந்தக் கூடுகள் எந்த மாதிரி அறையில் பிறந்தன என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

அது இரண்டு அறைப் பட்டறை. முன்னறைக்கு ஜன்னல் உண்டு. விளிம்பு தேய்ப்பது, துளை போடுவது, தட்டிப் பார்ப்பது எல்லாம் அங்கே. பின்னறைதான் ரெசின் அறை. உருளையான இரும்பு அச்சின் உட்புறத்தில் முதலில் மெழுகு தடவுவார்கள், கூடு ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வருவதற்காக. அதன்மேல் வண்ணப் பூச்சு. பூச்சு இறுகியதும் கண்ணாடி நாரால் ஆன பாயை அளவாக வெட்டிப் பதித்து, இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த ரெசின் பிசினைப் பிரஷ்ஷால் அதில் ஊற வைப்பார்கள். பிறகு ரோலர். பாய்க்கும் பாய்க்கும் நடுவில் பதுங்கியிருக்கும் காற்றை ரோலரால் விரட்டி விரட்டி வெளியேற்ற வேண்டும். கொஞ்சம் அசந்தால் குமிழி உள்ளேயே இறுகிவிடும், பின்னால் அந்த இடத்தில் திருகு ஏறும்போது கூடு விரிசல் விடும். ஈரப் பூச்சில் தூசி உட்காரும் என்று முதலாளி அந்த அறையின் ஜன்னலைப் பலகை வைத்து அடித்துவிட்டார். புதிதாய் வருகிறவர்களுக்கு ரெசின் நெடியில் தலை கிறுகிறுக்கும். அப்புறம் பழகிவிடும். இந்தப் பழகித் தொலைப்பது இருக்கிறதே, அதுதான் நம் ஆட்களைப் பிடித்த கேடு.

அங்கே ரோலர் ஓட்டியவள் ஒரு பெண். அவளுக்கு முன் அந்த ரோலர் அவள் கணவன் கையில் இருந்தது. பட்டறையில் ஒரு வழக்கம்: ரெசின் அறையிலிருந்து ஒரு வீட்டு ஆள் வெளியே வந்தால், அதே வீட்டிலிருந்து இன்னொரு ஆள் உள்ளே போயாக வேண்டும். வேறு யாரும் அந்த அறைக்கு மனதார வருவதில்லை என்பதால் முதலாளி செய்துவைத்த ஏற்பாடு அது.

கணவனுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. முதலில் மேளச் சத்தம், மெஷின் சத்தம் என்று சாக்குச் சொன்னான். அவள்தான் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். அந்த நெடி காது நரம்பைத் தின்கிறது, போனது போனதுதான், இனியாவது அந்த அறைப் பக்கம் போகாமலிருந்தால் மிச்சம் நிற்கும் என்றார் டாக்டர். மிச்சம் என்றால் என்ன, அவர்களுடைய சின்ன மகள் மடியில் ஏறி வலது காதோரம் வாயை வைத்துப் பேசினால் கேட்கும். அவ்வளவுதான் மிச்சம். அதைக் காப்பாற்றியே தீருவது என்று அவள் முடிவு கட்டினாள். கூட்டில் குமிழி இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் ஆள் வேலையை விட்டுப் போனதும் முதலாளியிடம் போய் நின்றாள். "இத்தனை வருஷம் குமிழோட மல்லுக்கட்டுனவரு, அவரவிட யாருக்கு அது தெரியப்போகுது?" என்றாள். காது விஷயத்தை மூச்சுவிடவில்லை. அவன் முன்னறைக்கு வந்த அன்றே அவள் உள்ளே போனாள். டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும். தனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தாள். எல்லோரும் அப்படித்தானே நினைக்கிறோம்.

காது மந்தமான ஆள் எப்படித் தட்டிப் பார்ப்பான்? அதற்கும் பட்டறை வழக்கமே கைகொடுத்தது. ரோலர் ஓட்டியவர்தான் கூட்டை ரப்பர் மேசையில் வைத்துத் திருப்ப வேண்டும், தன் தப்பைத் தன் காதாலேயே கேட்பதற்காக. அவள் மெல்லத் திருப்புவாள், அவன் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவான். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். குமிழி இருக்கும் இடத்தில் தொப்பென்று விழும். தொப்பென்று விழுந்ததும் அவள் கை ஒரு நொடி நிற்கும். உடனே அவன் சாக்பீஸால் அங்கே வட்டம் போடுவான். காதும் காதும் வைத்தாற்போல நடந்தது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அவனுக்குப் 'பாம்புக்காது' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பெயர் வந்ததும் கூடவே திமிரும் வந்தது. ஒருநாள் அவள் கை நின்ற இடத்தில் வட்டம் போட்டவன், எல்லோரும் பார்க்க, "ரோலரை ஒழுங்கா ஓட்டத் தெரியாதா? வீட்டு ஞாபகத்துலயே இருந்தா இப்படித்தான்" என்று கத்தினான். ரெசின் கலக்கும் அக்கா களுக்கென்று சிரித்தாள். மனைவிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காட்டிக்கொடுத்ததே நான், என்னையே திட்டுகிறாயா? அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை அறுந்தது. சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைப்பாள். மகள்தான் நடுவில் தூது: "அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்கப்பா."

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், இனி இந்த மனுஷன் வாயைத் திறக்க இடம் தரக்கூடாது என்ற வீம்பு அவளுக்கு. ரோலரை மாற்றி மாற்றி ஓட்டினாள். மூலை முடுக்கு விடவில்லை. வீம்பு பலித்தது. மேசையில் குமிழிகள் குறைந்தன, பிறகு அறவே இல்லாமல் போயின. கூடு முழுச் சுற்றுச் சுற்றும், அவள் கை எங்கேயும் நிற்காது. "கை தேறிடுச்சும்மா உனக்கு" என்று முதலாளியே வாய்விட்டுச் சொன்னார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்படிக் குமிழியே இல்லை என்று விற்றுப்போன செட் ஒன்றைத்தான் ஒரு டிரம்மர் வண்டியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தார். பெரிய டிரம்மின் கூட்டில் திருகு ஓரமாக விரல் நீளத்துக்கு விரிசல்.

"மேடையிலயே விட்டுடுச்சு சார். நடுப் பாட்டுல. எனக்கு மானமே போச்சு."

"எங்க ஆள் காதுல தப்பாது தம்பி" என்றார் முதலாளி. "உங்க முன்னாடியே தட்டச் சொல்றேன், பாருங்க."

திருகுகளைக் கழற்றி, தோலை எடுத்து, வெறுங்கூட்டை மேசையில் வைத்தார்கள். அவள் திருப்பினாள். அவன் தட்டினான். விரிசலைத் தாண்டி, அடுத்த துளையைத் தாண்டி, கூடு ஒரு சுற்று வந்தது. அவன் கண் அவள் கையிலேயே இருந்தது. கை நிற்கவில்லை. விரிசல் ஏதோ அடிபட்டதால் வந்திருக்கும், மற்றபடி கூடு சுத்தம் என்று அவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். "குமிழே இல்ல முதலாளி" என்றான் அவன்.

டிரம்மர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விரலை மடக்கித் தானே ஓரிடத்தில் தட்டினார், பக்கத்தில் இன்னோர் இடத்தில் தட்டினார், மறுபடி முதல் இடத்தில்.

"இது கேட்கல உங்களுக்கு?"

அவள் நிமிர்ந்தாள். துளை போடுகிறவர் தலையைக் குனிந்துகொண்டார். கதவோரம் நின்ற ரெசின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி முகம் வெளுத்துவிட்டது. அறையில் எல்லோருக்கும் ஏதோ கேட்டிருக்கிறது. டிரம்மர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு இரண்டு இடமும் ஒன்றாகவே கேட்டது.

கை தேறவில்லை. குமிழிகள் எங்கேயும் போகவில்லை. போன மாதம் வீட்டில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய் தானாக நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டாளே, அதுவும் நின்றிருக்காது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. டிரம்மருக்குப் புதுச் செட் செய்து தருவதாகச் சொல்லி அனுப்பினார். பிறகு கணவன் முகத்துக்கு நேரே வந்து நின்று, வாயை நன்றாக அசைத்துப் பேசினார். அவனுக்குக் காது கேட்காது என்பது அவருக்கும் விளங்கிவிட்டது என்று அதிலேயே தெரிந்தது.

"நாளைலருந்து நீ உள்ள ரோலருக்குப் போ. பொண்டாட்டியும் அங்கயே இருக்கட்டும். தட்டுறதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் அவன் அவளை மடக்கினான். முகத்துக்கு முகம், கண்ணெல்லாம் சிவந்து.

"அன்னைக்குத் திட்டுனதுக்குத்தானே? வேணும்னேதானே கைய நிறுத்தல?"

உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் இவன் என்ன ஆவான்? தன் ரோலரை அவள் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நின்றது அவன்தானே. தன் காதுக்கு ஈடாக அவள் காது போனது என்று தெரிந்தால் இவன் உடைந்துபோவான். கோபமாயிருந்தால் எழுந்து நடமாடுவான், சாப்பிடுவான், சண்டை போடுவான். கோபமே இருக்கட்டும்.

"ஆமா" என்றாள். "வேணும்னேதான்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தணிந்த குரலில் ஏதோ கேட்டான். கேட்டான் என்பது அவன் தோள் அசைந்ததில்தான் அவளுக்குத் தெரிந்தது. தொட்டியில் வாளி கழுவிக்கொண்டிருந்த ரெசின் அக்காவுக்கு அது நன்றாகவே கேட்டது, பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். "என்னை அவ்வளவு வெறுத்துப்போச்சா உனக்கு?" என்றுதான் கேட்டானாம்.

பதிலுக்காக அவன் திரும்பிப் பார்த்தான். என்ன கேட்டீங்க என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் அவள் அவன் முகத்தைப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.