சிவப்புச் சட்டைக்காரன் குதித்த காட்சி

2023 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பள்ளிவாசல் என்ற மலையூரை அடுத்த ஒரு தேயிலை எஸ்டேட்டின் கிளப்பில், 1986இல் அதே எஸ்டேட்டில் எடுக்கப்பட்ட சண்டைப்படம் ஒன்றைத் திரையிட்டார்கள்.

அந்தக் காலத்தில் அது ஒரு வாரம்கூட ஓடவில்லை. யாரோ யூடியூபில் ஏற்றியிருக்க, எஸ்டேட் பையன் ஜோபியும் கூட்டாளிகளும் சிரிப்பதற்கென்றே கிளப் சுவரில் வேட்டியைக் கட்டிப் படத்தைப் போட்டார்கள். ராமுத்தாய் சிரிக்க வரவில்லை. அவளுடைய அண்ணன் மாரப்பன் அந்தப் படப்பிடிப்பில்தான் செத்தான். கதாநாயகனுக்குப் பதிலாகச் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு பாறையிலிருந்து ஆற்றில் குதித்தவன் அவன். குடித்துவிட்டுத் தள்ளாடி விழுந்தான் என்று சொல்லிவிட்டுப் படக்காரர்கள் மறுநாளே மலையிறங்கினார்கள். ஊரும் நம்பியது. அம்மா சாகும்வரை, "குடிகாரப் பய, என்னைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டான்" என்றே ஏசினாள்.

"நீ எதுக்கும்மா அதப் பாக்கணும்?" என்று மகன் சதீஷ் கேட்டான்.

"அவன் நடையப் பாத்தா எனக்குத் தெரியும்லா, குடிச்சிருந்தானா இல்லையான்னு."

படத்தில் கார் மோதுவதற்கு முன்பே வெடித்தது. ஒரே அடியாள் மூன்று முறை செத்தான். "அண்ணே, எந்திரிங்க, அடுத்த சண்டைக்கு நேரமாச்சு!" என்று ஒருவன் கத்த, ராமுத்தாய்க்கே சிரிப்பு வந்தது. ஆனால் சண்டை சூடுபிடித்ததும் கேலி பேசியவர்களே மெய்மறந்து விசிலடித்தார்கள்.

பிறகு பாறை வந்தது. சிவப்புச் சட்டை, முதுகு மட்டும். நேராக நடந்தான். கால் எங்கும் பின்னவில்லை. விளிம்பில் நின்று லேசாகத் திரும்பினான்; விழுந்தான். கைதட்டல் காதை அடைத்தது.

"குடிக்கலடா," என்று சதீஷின் கையைப் பிடித்தாள். "குடிக்கவே இல்ல."

அப்போதே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். இருந்து பார்த்தாள்.

கடைசியில் வில்லனும் அதே பாறையிலிருந்து விழ வேண்டும். வேறு ஆளைப் போட்டு எடுக்க வழியில்லாமல் பழைய காட்சியையே மறுபடி ஒட்டியிருந்தார்கள். கறுப்புக் கோட்டு வில்லன் விழும்போது சிவப்புச் சட்டைக்கு மாறியிருந்தான். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஜோபி, திருப்பிப் போடுலே! மெதுவா!"

ஜோபி மெதுவாக ஓடவிட்டான். மாரப்பன் விளிம்புக்கு வந்தான். கீழே பார்த்தான். திரும்பித் தலையை இருபுறமும் ஆட்டினான். திரையின் ஓரத்திலிருந்து கடிகாரம் கட்டிய ஒரு கை நீண்டு அவன் முதுகில் பட்டது, தள்ளியது.

"ஏலே, தள்ளுற கை தெரியுதுலே! அதக்கூட வெட்டாம விட்டுருக்கானுவ!"

இன்னொரு தடவை போடச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். சதீஷ் போய் லேப்டாப்பை மூடினான்.

"என்னலே உனக்கு?"

"அது எங்க மாமன்."

ராமுத்தாய் வெறும் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன்னு சொல்லிருக்கான்," என்றாள். "தலைய ஆட்டிருக்கான் பாரு."

அதற்குள் இரண்டு பேர் அந்தக் கை தெரியும் இடத்தைச் செல்போனில் எடுத்துப் பரப்பியிருந்தார்கள். சதீஷ் போலீசில் புகார் கொடுத்தான். படத்தின் இயக்குநரும் தயாரிப்பாளரும் எப்போதோ இறந்துபோயிருந்தார்கள். கை யாருடையது என்று தெரியாததால் மார்ச்சில் விசாரணை முடிக்கப்பட்டது.