வலப்பக்கம் உள்ளே தெரியும்

மதுபான ஆலையில் பாட்டில் பார்க்கும் வேலையில் இருந்தவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோ, வயிற்றின் வலப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் கண்ணாடியாக இருந்தது, அதன் வழியே ஈரல் தெரிந்தது. கர்ப்பமாக இருக்கும்போது குடித்தாயா என்று டாக்டரம்மா கேட்டதற்கு இல்லை என்றாள். நிரப்பிய பாட்டில்களை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துத் தூசி பார்ப்பது அவள் வேலை, எட்டு மணி நேரமும் நின்றபடி. தூசி விழுந்த பாட்டில்களை யாரும் தேடுவதில்லை. மத்தியானம் இரண்டு டம்ளர் குடித்தால் கால் வலி தெரியாது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒரு வாரம் நர்சுகள் வந்து பார்த்தார்கள். மறுவாரம் பல்லோடு ஒரு குழந்தை பிறந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. லாரி ஓட்டும் அப்பா, சட்டைக்கு உள்துணி வைத்துத் தைக்கச் சொன்னதோடு சரி. பள்ளியில் ஈரல் பாடம் வந்த அன்று டீச்சர் மகளைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தார். அந்த வருடம் படம் வாங்க வேண்டியிருக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க மற்றவர்களைவிட இரண்டு வருடம் அதிகமானது. பத்தொன்பது வயதில் பேக்கரியில் சேர்ந்தாள். உடைந்த பஃப்ஸ், விற்காத கிரீம் பன், மேலே ஒரு சோடா என்று ஒரு வருடம் ஓடியது. ஈரல் வெண்ணெய் நிறத்துக்கு வந்தது.

அதே டாக்டரம்மாதான் பார்த்தார், தலை நரைத்திருந்தது. வயிற்றில் இருக்கும்போதே சாராயம் பட்ட ஈரல் இது, ஊரார் தின்கிற கொழுப்பையும் சர்க்கரையையும் இது தாங்காது என்றார். கூட வந்திருந்த அம்மாவிடம் பழைய கேள்வியை மறுபடி கேட்டார். அம்மா ஆமாம் என்றாள்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சா குடிச்ச?"

"தெரிஞ்சுதான்."

மகள் டாக்டரம்மாவிடம் திரும்பி, இனி என்ன சாப்பிடலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாள்.

அன்று முதல் அந்த வீட்டில் வாணலி அடுப்பேறவில்லை. அம்மா கீரையும் பருப்பும் வேகவைத்தாள். அதையேதான் தானும் தின்றாள், யாரும் சொல்லாமலே. எதிரெதிரே உட்கார்ந்து மூன்று வருடம் அப்படியே சாப்பிட்டார்கள். வெண்ணெய் நிறம் மெல்லச் செங்கல் நிறத்துக்குத் திரும்பியது. ஓரத்தில் நகக்கண் அளவு மஞ்சள் மட்டும் நின்றது. அது போகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், போகவில்லை.

அடையாள அட்டை எடுக்கப் போனபோது அங்க அடையாளம் கேட்டார்கள். மகள் சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பொறந்ததுலேர்ந்தே இருக்கா?"

"ஆமா."

"என்னாலதான் சார்," என்றாள் பக்கத்தில் நின்ற அம்மா.

"அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லம்மா," என்றார் அவர். 'வலப்பக்கம் உள்ளே தெரியும்' என்று எழுதி, முத்திரை குத்தி, அடுத்த ஆளை வரச் சொன்னார்.