பாடாமல் ஆடிய ஃபைனல்

கபடியில் ‘கபடி, கபடி’ என்று பாடாமல் நடுக்கோட்டைத் தாண்டினால் ரெய்டு செல்லாது. எதிரணிக்கு ஒரு பாயிண்ட் போகும், ரெய்டும் அவர்கள் கைக்குப் போகும். கபடி ஆடுகிற சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். திண்டிவனத்தில் நடந்த ஃபைனலில் எங்கள் நொச்சிக்கொல்லை அணி ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் பாடாமலே போய்த் தோற்றது. அந்த யோசனை என்னுடையது. பெருமையெல்லாம் கேப்டன் கோபிக்குப் போய்விட்டதால்தான் இவளுக்கு எரிச்சல் என்று யாராவது நினைத்தால், நன்றாக நினைத்துக்கொள்ளட்டும்.

நான் வேணி. அணியில் கார்னரில் நிற்கும் சித்தார்த்தனின் தங்கை. திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிறேன், அங்கே பெண்கள் அணியில் நானும் ஆடுகிறேன். ஒருத்தன் காலைப் பிடித்துவிட்டால் அண்ணன் விடமாட்டான். கோபி ரெய்டர். அவன் ஊர்த் தெரு, நாங்கள் காலனி. அவன் அப்பா ஜெகதீசனின் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலை நிலத்தில்தான் எங்கள் அப்பா ராயப்பன் எனக்கு நினைவு தெரிந்த நாளாக வேலை செய்கிறார். ஆனாலும் மைதானத்தில் கோபியும் அண்ணனும் ஒரே பாட்டிலில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பார்கள். அதைப் பார்த்து நானும் மயங்கித்தான் கிடந்தேன். வாய் நிறைய ‘கோபிண்ணா’ என்று கூப்பிடுவேன்.

இரண்டு பேரும் போலீஸ் வேலைக்கு எழுதி, ஓடி, கயிறேறி எல்லாம் முடித்துவிட்டு நன்னடத்தை விசாரணைக்காகக் காத்திருந்தார்கள். பேரில் ஒரு கேஸ் இருந்தால் போதும், அந்த வேலை கிடையாது.

செமி ஃபைனல் ஜெயித்த அன்று மற்றவர்கள் பைக்கில் முன்னால் போய்விட, இவர்கள் இருவர் மட்டும் பெருமுக்கல் பக்கம் பஸ்ஸுக்குக் கை காட்டி நின்றிருக்கிறார்கள். பஸ் நிற்கவில்லை. ஜெயித்த திமிரோ என்னவோ, கோபிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வேகத்தடையில் பஸ் மெதுவானதும் துரத்திப் போய் ஒரு கல்லை எடுத்து விட்டான். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி நொறுங்கி, அவர் புருவம் கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் எங்கள் அண்ணன் ஓடிப்போய், தன் ஜெர்சியைக் கழற்றி அவர் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். மயக்கத்தில் இருந்த அவருக்கு யார் அடித்தது, யார் பிடித்தது என்று எதுவும் தெரியாது. பஸ்ஸில் இருந்தவர்களும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்கள்.

போலீஸ் வந்து இருவரையும் ஜீப்பில் ஏற்றியது. ஸ்டேஷனில் முதலில் கேட்டது, “எந்தத் தெருடா?” என்று. கோபி அப்பா பேரைச் சொன்னான். அண்ணன் காலனி என்றான். விசாரணை அத்தோடு முடிந்தது. “கல்லு கோபி வுட்டது சார்” என்று அண்ணன் சொன்னதற்கு, “ரத்தம் உன் கையில இருக்குது, பழிய அவன் மேல போடறியா?” என்று கன்னத்தில் விழுந்தது. கோபி பக்கத்திலேயே நின்றிருந்தான். கொஞ்ச நேரத்தில் ஜெகதீசன் வந்து கோபியைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது, “அவனவன் பண்ணதுக்கு அவனவன்தான் பொறுப்புங்க” என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

மறுநாள் கோர்ட்டு வராந்தாவில் கோபி வந்து நின்றான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அண்ணன் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அப்பா தூரத்தில், யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு தூணோரம் நின்றுகொண்டிருந்தார்.

“டேய், நேத்து எனக்குக் கை காலெல்லாம் ஒதறிச்சிடா, வாயே வரல” என்றான் கோபி. “இப்ப நீ ஜட்ஜுகிட்ட எதுவும் சொல்லாத. நீ சொன்னா எங்கப்பா வக்கீல வச்சி ஒன்னிய பொய்யன்னு ஆக்கிடுவாரு. நானே வந்து ஒத்துக்கறேன். இவ மேல சத்தியம்.” என் தலையில் கை வைத்தான்.

உள்ளே மாஜிஸ்திரேட், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது அண்ணன் இல்லை என்று தலையாட்டினான். சாயங்காலமே விழுப்புரம் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு கோபியைப் பார்க்கும்போதெல்லாம், “எப்ப?” என்று கேட்பேன். “ஸ்டேஷனுக்குப் போனா, எங்கப்பாவுக்குப் போன் போட்டு ‘பையன கூட்டிக்கினு போங்க’ன்னுவாங்க வேணி. பேஜாரா இருக்குது” என்பான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் அண்ணன் சொன்னால் பொய், அவன் சொன்னால் விளையாட்டுத்தனம். அப்போதுதான் எனக்கு ஃபைனல் ஞாபகம் வந்தது. சிறப்பு விருந்தினர் அதே இன்ஸ்பெக்டர். “எல்லாரும் பாடாம போங்க. ஜனம் ஏன்னு கேக்கும். அப்ப நீ மைக்க வாங்கிச் சொல்லு. அத்தன பேரு எதிர்ல சொன்னத யாரும் மூடி மறைக்க முடியாது” என்றேன். கோபி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “அதுவரைக்கும் ஒங்கப்பாகிட்டகூட சொல்லிடாத. அவரு வெள்ளந்தி, நேரா எங்கப்பாகிட்ட வந்து கேட்டுடுவாரு” என்றான். நான் சொல்லவில்லை.

மற்ற ஆட்டக்காரர்களிடம், சித்தார்த்தனுக்காகப் பாடாமல் போகிறோம், காரணத்தை கேப்டன் கடைசியில் சொல்வான் என்று மட்டும் சொன்னோம். ஊர்ப் பையன்கள் காலனிப் பையன்கள் எல்லாருமே ஒத்துக்கொண்டார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை!

ஃபைனலுக்கு மைதானம் நிறைந்திருந்தது. முதல் ரெய்டுக்குக் கோபி கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உதட்டை இறுக மூடியபடி எதிர்க்களத்தில் நடந்தான். நடுவர் விசிலடித்துத் திருப்பி அனுப்பினார். பையனுக்குப் பதற்றம் என்று ஜனம் சிரித்தது. அடுத்து சவுரிராயன் போனான், அவனும் பாடவில்லை. சிரிப்பு நின்றது. மூன்றாவது ஆள் போய்த் திரும்பியபோது எதிரணிக் கேப்டன் வந்து கோபியிடம் ஏதோ கேட்டான். கேட்டுவிட்டுப் போய்த் தன் ஆட்களிடம் சொன்னான். அதற்குப் பிறகு அவர்கள் ரெய்டுக்கு வந்தபோதும் யாரையும் தொடவில்லை. பாடிக்கொண்டே வந்து, கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் எங்களால் போன பாயிண்டுகள்தான். எங்கே பார்த்தாலும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இனிமேல் மறைக்க முடியாது, அண்ணன் வந்துவிடுவான் என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் கோபி மேடையேறி மைக்கை வாங்கினான்.

“நாங்க ஏன் பாடலன்னு கேக்கறீங்க. எங்க டீம்ல ஒருத்தன் இல்ல. சித்தார்த்தன். இப்ப விழுப்புரம் ஜெயில்ல இருக்கறான்.” அவன் குரல் உடைந்தது. விசில் பறந்தது. “அவன் எனக்குக் கூடப் பொறக்காத தம்பி.”

சொல்லு, சொல்லு என்று நான் கீழே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். கோபி முன்வரிசையைப் பார்த்தான். இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் ஜெகதீசன் உட்கார்ந்திருந்தார். அவர் முறைக்கக்கூட இல்லை. தோள் துண்டை எடுத்து மடியில் வைத்து நிதானமாக மடித்துக்கொண்டிருந்தார்.

“ஏதோ ஒரு கோவத்துல, தெரியாம கல்லத் தூக்கி வுட்டுட்டான்” என்றான் கோபி. “தப்புதான். இல்லன்னு சொல்லல. பண்ணதுக்கு அவனவன்தான் பொறுப்பு. ஆனா ஒரு பிளேயரோட வாழ்க்கைய நெனச்சி, பெரிய மனசு பண்ணி அவன மன்னிச்சி வுடணும்னு ஐயாவ கேட்டுக்கறேன்.”

கைதட்டல் அடங்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் தனக்குப் போட்ட பொன்னாடையை எடுத்துக் கோபிக்குப் போட்டார். இப்படி ஒரு நண்பன் கிடைக்க அந்தப் பையன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மைக்கில் சொன்னார். சட்டப்படி என்ன செய்ய முடியுமோ பார்ப்பதாகவும் சொன்னார்.

நான் மேடையைப் பார்த்துப் பாய்ந்தேன். சவுரிராயன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அழுவாத வேணி. கோபி எப்படிப் பேசனான் பாத்தியா?” என்றான் அந்தப் பைத்தியக்காரன். அவனை உதறிவிட்டு நிமிர்ந்தபோது மேடைப் படியில் எங்கள் அப்பா நின்றிருந்தார். கொல்லையிலிருந்து நேராக வந்திருக்கிறார், காலில் செம்மண் காயவில்லை. கோபியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நல்லா இருக்கணும் தம்பி நீங்க” என்றார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு ஜெகதீசனைப் பார்த்துக் கும்பிட்டார். கத்த வேண்டும் என்று திறந்த என் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

கோபியை மேடைக்குப் பின்னால்தான் பிடித்தேன். பொன்னாடையை இன்னும் கழற்றவில்லை.

“கோபி” என்றேன். ‘அண்ணா’ என்பதை அன்றோடு விட்டுவிட்டேன். “என் தலையில கை வச்சியே.”

“வாய் வரைக்கும் வந்துச்சி வேணி. அப்பா மூஞ்சப் பாத்தேன், போயிடுச்சி.”

“போனா கம்முனு எறங்கி வந்திருக்கலாமே. எங்கண்ணன் வுட்டான்னு ஏன் சொன்ன?”

“அப்பதான மன்னிப்பாங்க? நா ஒத்துக்கினா ரெண்டு பேரு லைஃபும் போயிடும். இப்ப அவனும் ஜல்தியா வெளிய வந்துடுவான்.”

“வந்து? கேஸு அவன் பேர்ல இருக்கும். போலீஸ் வேல ஒனக்கு மட்டும்.”

அவன் பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டான். பிறகு நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னான்: “அவனுக்காக கப்பையே வுட்டுட்டேன் வேணி. இதுக்கு மேல நா இன்னா பண்ணணும்னு சொல்ற?”

“கப்ப எவன் கேட்டான்? ஒரு வார்த்த கேட்டோம்.”

இதில் கொடுமை, அவன் நடிக்கவில்லை. தான் நண்பனுக்காகப் பெரிய தியாகம் செய்துவிட்டதாக மனதார நம்பினான். துரோகி என்று திட்டிவிட்டு வந்தேன். அது அவன் காதில் ஏறியதாகவே தெரியவில்லை.

வீடியோ ஊரெல்லாம் ஓடியது. காலேஜில் அதைப் பார்த்துவிட்டு என்னிடமே வந்து, “ஒங்கண்ணன் ஃப்ரெண்டு சூப்பருப்பா” என்றார்கள். எங்கள் வக்கீல் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். கூடவே ஆடுகிறவனே இவன்தான் கல் விட்டான் என்று ஊரறியச் சொல்லிவிட்டான், இனி நான் எதை வைத்துப் பேசுவது என்றார்.

ஜெயிலில் பார்க்க விடுகிற அடுத்த மனு நாளில் அண்ணனைப் பார்க்க நானும் அப்பாவும் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினோம். மைதானத்திலிருந்து வந்ததிலிருந்தே நான் அப்பாவோடு பேச்சை நிறுத்தியிருந்தேன். பெற்ற பிள்ளையைப் பற்றி ஊரான் சொன்னதை நம்பிக் கும்பிட்ட மனுஷரிடம் என்ன பேசுவது? கோபியின் மேல் இருந்ததைவிட அவர் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். ஜெயில் வாசலுக்கு வந்ததும், “நீ போய்ப் பாத்துட்டு வா, எனக்கு ஒரு மாதிரியா இருக்குது” என்று சொல்லிவிட்டு எதிரிலிருந்த டீக்கடை நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தான். இளைத்திருந்தான்.

“கோபி ஃபைனல்ல பாடாம போனானாமே? இங்க எல்லாரும் பேசிக்கினாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சி பாப்பா. மைக்குல சொன்னானா?”

என்னிடம் செல்போன் இல்லை, வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் நானே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை விடாமல், கோபி சொன்னபடியே சொன்னேன். அண்ணன் வலையில் விரலை மாட்டிக்கொண்டு கேட்டான். சிரிப்பு முகத்தில் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை.

“மன்னிச்சி வுடணும்னா சொன்னான்?” என்று கடைசியில் கேட்டான்.

“ஆமாண்ணா.”

“அன்னைக்கி ஜட்ஜு கேட்டாரு பாப்பா. வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். இவன நம்பிக்கினு தலைய ஆட்டினேன். அது என் தப்புதான்.” வலையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, “அடுத்த வாய்தாவுல கேக்கலன்னாலும் நானே சொல்லிடறேன்” என்றான். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். “அப்பா வரலியா?”

“வெளிய நிக்கறாரு.”

“அவர வரச் சொல்லு. ஸ்டேஷனுக்கு வந்தாரு, கோர்ட்டுக்கு வந்தாரு. எல்லாரு கால்லயும் வுழுந்தாரு. என்னிய ஒண்ணுமே கேக்கல பாப்பா.”

நான் வெளியே ஓடினேன். டைம் முடியப் போகிறது என்று காவலர் கத்தினார். அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, ஏந்திரு. அண்ணன் கூப்புடுது.”

“நா வந்து என்னாம்மா பேசறது? கோபி தம்பி சொன்னாப்பல, பண்ணது தப்புன்னு ஒத்துக்கினு மன்னிப்பு கேக்கச் சொல்லு. வுட்டுடுவாங்க.”

“நீ எதுவும் பேச வேணாம்பா. உள்ள போய் அவன ஒண்ணே ஒண்ணு கேளு.”

“என்னாத்த?”

“கல்லு யாரு வுட்டதுன்னு.”

அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்ததைப்போல அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். டீ கையில் சிந்தியது.