காத்தான்குடியில் நான்கரை, ஆரையம்பதியில் ஆறரை

"காஸாட கதை வந்தா கொஞ்சம் நீட்டிச் செல்லுங்க டீச்சர்," என்றான் வேட்பாளரின் உள்ளூர் ஆள் இஷாம். "அவர் ஒரு வரி செல்லுவார். நீங்க மூணு வரியாக்குங்க. எங்கட சனத்துக்கு ஒரு வரி பத்தாது."

கேதீஸ்வரி தலையாட்டினாள். முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் கல்யாண மண்டபத்துப் பின்னறையில் வேட்பாளர் பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து இரண்டாவது பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம்போட்ட பலஸ்தீனச் சால்வை. பொலித்தீன் உறையில் மடிந்து கிடந்த கோடுகள் இன்னும் போகவில்லை. சிங்களவர், ஒரு தடவை அமைச்சராக இருந்தவர். இப்போது ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறார். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'வணக்கம்', 'நன்றி' என்ற இரண்டு சொற்கள்தான். காத்தான்குடிக்காக 'ஸலாம்' என்பதையும் வாகனத்தில் வரும்போது பழகியிருந்தார்.

இந்தத் தேர்தலில் அவள் மொழிபெயர்க்கும் மூன்றாவது வேட்பாளர் இவர். முன்பு ஓர் அரசு சாரா நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். அது மூடப்பட்டபின் பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதியில் வீட்டோடு சிங்கள வகுப்பு நடத்துகிறாள். மூன்று வேட்பாளர்களில் முதலாமவர் தெற்கில் இந்தியாவுக்கு ஓர் அங்குல நிலமும் கொடுக்கமாட்டேன் என்று மேசையில் குத்திவிட்டு வந்து, தமிழர் வாழும் களுதாவளையில் இந்தியா நம் தாய்வீடு என்றார். இரண்டாமவர் சீனாவை ஒரு கூட்டத்தில் கடன்காரன் என்றார், அடுத்ததில் நண்பன் என்றார். மூவரில் ஒருவரையும் அவள் நம்பவில்லை. யாரைக் கூடுதலாக வெறுப்பது என்பதில்தான் அவளுக்குள் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருந்தன. ஒன்றை மட்டும் இந்த வேலையில் கற்றிருந்தாள். பொய்யை மொழிபெயர்ப்பது சுலபம். அது ஏற்கெனவே பலமுறை சொல்லப்பட்டு வழவழப்பாகி வரும். வேட்பாளர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நிறுத்தி, வேறு இடத்தில் தொடங்கினால்தான் அவள் காது கூர்மையாகும்.

"தம்பிட பேர் லிஸ்டுல இரிக்கி," இஷாம் குரலைத் தாழ்த்தினான். "நேத்தும் கொழும்புக்குக் கோல் எடுத்துக் கதைச்சன். ஆனா அந்தக் கதைய இஞ்ச எடுத்துராதீங்க."

"எனக்கு விசரா? எடுக்க மாட்டன்."

எந்த நாட்டுக்குப் போகிற லிஸ்ட் என்று அவன் சொல்லவில்லை. அந்த மண்டபத்தின் கூரைக்குக் கீழே இஸ்ரேல் என்ற சொல்லை வாயில் எடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை. தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கும் அந்தப் பட்டியல் வேட்பாளரின் கொழும்பு அலுவலகத்தில் இருந்தது. மாவட்டத்தில் அதற்குத் தொடர்பாள் இஷாம். கேதீஸ்வரியின் தம்பி சிவதர்ஷன் மெடிக்கலும் நேர்முகமும் முடித்துவிட்டுக் கடைசிக் கடிதத்துக்காகக் காத்திருந்தான். கட்டாரில் மூன்று வருடம் கம்பி கட்டியவன். திரும்பி வந்து எட்டு மாதமாக வேலை இல்லை. இப்போது காலையில் எழுந்ததும் போனைப் பார்த்து எபிரேயத்தில் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணிப் பழகுகிறான். அதே பட்டியலில் அவர்கள் ஊர்ப் பொடியன்கள் பதினொரு பேர் இருந்தார்கள்.

கூட்டம் நான்கரைக்குத் தொடங்கியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், முன்னால் கையில் போன் வைத்து நேரலை அனுப்பும் மூன்று பேர். வேட்பாளர் காஸாவின் குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுத்தது. அவள் ஒரு வரியை மூன்றாக்கினாள். வேறு ஊர்களில் சனம் அவர் பேசும்போது அவளைத்தான் பார்க்கும். இங்கே அப்படியில்லை. அவர் நகைச்சுவை ஒன்று சொன்னபோது, அவள் வாயைத் திறக்க முன்னமே ஆண்கள் பக்கம் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். தம்புள்ளை, குருநாகல், புறக்கோட்டை என்று கடை கடையாக ஏறி இறங்கும் வியாபாரிகளின் ஊர். சிங்களத்தில் விலை பேசி, சிங்களத்தில் சண்டை பிடித்து வளர்ந்தவர்கள். கேதீஸ்வரி அதைக் கவனித்தாள். கவனித்ததோடு விட்டுவிட்டாள்.

கேள்வி நேரத்தில் பெண்கள் பக்கம் எழுந்தவள் ஸில்மியா. அபாயா தைப்பித்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறவள். வியாபாரத்துக்காக இரண்டு வருடம் கேதீஸ்வரியிடம் சிங்களம் படித்தவள்.

"சேர், காஸாப் புள்ளைகளுக்காக அழுதீங்க. சரி. அங்க பலஸ்தீனியர வேலைய விட்டுத் துரத்திட்டு, அந்த இடத்துக்கு நம்மட பொடியன்கள அனுப்புற ஒப்பந்தத்துல கையெழுத்து வெச்சது ஆரு? நீங்கதானே? இனி ஜனாதிபதியா வந்தா அனுப்புவீங்களா? ஓமா, இல்லையா? வேற கதை வேணாம்."

கேதீஸ்வரி கேள்வியை ஒரு சொல் பிசகாமல் சிங்களத்தில் கொடுத்தாள்.

வேட்பாளர் சால்வையின் நுனியை விரலில் சுற்றினார். களைப்பாக இருந்தார். அன்று காலையிலிருந்து ஐந்தாவது கூட்டம். "ஆம்," என்றார் சிங்களத்தில். "அமைச்சரவையில் எல்லோரும்... இல்லை, போட்டது நான்தான். நாட்டில் டொலர் இருக்கவில்லை. பொடியன்களுக்கு... பாருங்கள், திரும்பவும் கையெழுத்து வைப்பேன். இங்கே அழுகிறேன், அங்கே அனுப்புகிறேன். அது பிழை என்றால் பிழைதான். ஆனால் அனுப்புவேன்."

உடைந்து உடைந்து வந்தது. அந்த மனிதர் வாயிலிருந்து இந்தப் பயணத்தில் அவள் கேட்ட முதல் உண்மை. அதை அப்படியே தமிழில் வைத்தால் மண்டபம் எழும்பும். கதிரை பறக்கலாம். அவர் கோபத்தோடு வாகனத்தில் ஏறிப் போவார், அவரோடு பட்டியலும் போகும். மேடையின் ஓரத்தில் இஷாமின் கண்கள் பிதுங்கி, தலை இடமும் வலமும் ஆடியது.

"அது அந்த நேரத்து அரசாங்கத்தின் முடிவு," என்றாள் ஒலிவாங்கியில். "மனவருத்தத்தோடதான் கையெழுத்து வைத்தேன் என்று சேர் சொல்றார்."

அங்கே நிறுத்தத்தான் நினைத்திருந்தாள். ஸில்மியா இன்னும் உட்காரவில்லை. ஓமா இல்லையா என்ற கேள்வி அவளுடைய நிமிர்ந்த தலையில் அப்படியே நின்றது.

"தான் ஜனாதிபதியாக வந்தால் இனி ஒரு ஆளையும் அங்கே அனுப்ப மாட்டாராம். அதை நிறுத்துவேன் என்கிறார்."

முதலில் ஆண்கள் பக்கத்தில் யாரோ மூக்கால் சிரித்தார். பிறகு பத்துப் பேர். பிறகு சிரிப்பு நின்றுபோய் வேறு ஒரு சத்தம் வந்தது.

"டீச்சர்," என்றாள் ஸில்மியா. "அவர் அப்பிடிச் செல்லல்லியே. 'ஆயெத் அத்சன் கரனவா' எண்டாரு. திரும்பவும் கையெழுத்து வெப்பன் எண்டாரு. நீங்க படிப்பிச்ச சிங்களம்தானே டீச்சர் இது? எனக்குப் பிழைக்குமா?"

"உடுங்க ராத்தா!" பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "கள்ளனாவது உள்ளதச் சென்னான். மொழிபெயர்க்க வந்த பொம்புளதான் பொய் செல்றா!"

"இஞ்ச இப்பிடி எண்டா அடுத்து ஆரையம்பதில போய் எப்பிடிச் செல்லுவாவோ!"

என்ன நடக்கிறது என்று வேட்பாளர் கேட்டார். கேதீஸ்வரி ஒலிவாங்கியைக் கீழே இறக்கினாள். ஸில்மியாவே சிங்களத்தில் அவருக்குச் சொன்னாள். நல்ல, சுத்தமான சிங்களம். வினைச்சொல் ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வேட்பாளர் கேதீஸ்வரியைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினாள், இல்லை. ஒரு சாமானைத் தூக்கி நிறை பார்க்கிறவனின் முகம் அது. மண்டபத்தை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு ஒலிவாங்கியை வாய்க்கு நெருக்கிப் பிடித்தார்.

"ஆசிரியை சரியாகத்தான் சொன்னார்," என்றார். இப்போது வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. "என் வாய் சொல்லத் தவறியதை, என் இதயத்தில் இருந்ததை, இந்தத் தங்கை எடுத்துச் சொன்னார். நான் நிறுத்துவேன். இது என் வாக்குறுதி."

சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்புக்காக அவள் பக்கம் திரும்பி நின்றார்.

அவள் தன்னுடைய பொய்யை அவருடைய வாக்குறுதியாகத் தமிழில் இரண்டாம் தடவை சொன்னாள். மூன்று போன்களும் அதை வாங்கி உலகத்துக்கு அனுப்பின. "ரெண்டு பேரும் ஒண்டுதான்!" என்று ஒருவர் எழுந்து கதிரையைக் காலால் தள்ளிவிட்டு வெளியே போனார். பலர் பின்னால் போனார்கள். ஸில்மியா போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் விடை பிழைத்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் கேதீஸ்வரியைப் பார்த்தபடி இருந்தாள்.

பின்னறையில் வேட்பாளர் சால்வையைக் கழற்றி உதவியாளரிடம் எறிந்தார். "பயப்படாதே தங்கச்சி, கெட்டிக்காரி நீ. அடுத்த ஊரில் மட்டும் நான் சொல்வதைச் சொல்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"இஷாம், லிஸ்ட்..." என்றாள் கேதீஸ்வரி.

"லிஸ்டக் கேக்காதீங்க டீச்சர். லைவ்ல போயிட்டு. இனி அவரும் நிப்பாட்டுற எண்ட கட்சி. நான் என்னண்டு அவருட்ட ஆள் அனுப்பச் செல்லிக் கேக்குற?"

"நீதானே தலையாட்டினாய்!"

"சமாளிங்க எண்டுதான் ஆட்டினன். நாட்டுட கொள்கைய மாத்தச் சென்னனா?"

போனில் தம்பியின் ஆறு அழைப்புகள் தவறியிருந்தன. ஏழாவதை எடுத்தாள்.

"அக்கா, அந்தாள் அப்பிடியா சொன்னவன்?"

"இல்ல."

"மறுகா ஆர் சொன்ன?"

வேட்பாளரின் வாகனம் வெளியே ஹோன் அடித்தது. "நான்தான்," என்றாள். "உன்ட பேர் வெட்டுப்பட்டிருமெண்டு பயந்து சொன்னன்டா."

"என்ட பேரக் காப்பாத்துறத்துக்கு எல்லாற்ற பயணத்தையும் நிப்பாட்டினியா? இஞ்ச பொடியன்கள் எல்லாம் என்னச் சுத்தி நிக்கிறானுகள் அக்கா. உன்ட குரலத்தான் போட்டுப் போட்டுக் கேக்கிறானுகள்."

காத்தான்குடியிலிருந்து ஆரையம்பதிக்கு வாகனம் போய்ச் சேர ஒரு பாட்டு முடியும் நேரம்கூட ஆகவில்லை. வாசிகசாலை முன்றலில் மேடை. இறங்கியதும் யாரோ தட்டில் நீட்டிய திருநீற்றை வேட்பாளர் தாராளமாகப் பூசிக்கொண்டார். ஆறரை மணி இருட்டுக் கவிந்திருக்க, மேடை விளக்கில் பூச்சிகள் மோதின. முதல் வரிசையில் அந்தப் பொடியன்கள். நடுவில் சிவதர்ஷன், நேர்முகத்துக்குப் போட்டுப்போன அதே நீலச் சேட்டோடு.

"சிலர் வதந்தி பரப்புகிறார்கள்," என்று தொடங்கினார் வேட்பாளர். "நான் வந்தால் இஸ்ரேல் வேலை நிற்காது. இப்போது போவதைப்போல் இரண்டு மடங்கு அனுப்புவேன். முதல் விமானம் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு."

கேதீஸ்வரி ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே தமிழில் சொன்னாள். அவளுடைய குரல் கூம்பு ஒலிபெருக்கி வழியாகத் தெருவைத் தாண்டி வாவிப் பக்கம் போயிற்று. யாரும் கைதட்டவில்லை.

முதல் வரிசையில் ஒருவன் போனை உயர்த்தி அழுத்தினான். 'அதை நிறுத்துவேன் என்கிறார்' என்றது அவளுடைய குரல், மெல்லிசாக, தகரம்போல. பக்கத்தில் இருந்தவன் தன் போனையும் அழுத்தினான். பிறகு இன்னொருவன். நிறுத்துவேன், நிறுத்துவேன் என்று ஒன்றையொன்று முந்திக்கொண்டு, ஒன்றுக்கொன்று பின்தங்கி, அவளுடைய குரலே பல இடங்களிலிருந்து மேடையை நோக்கி வந்தது. சிவதர்ஷன் போனைத் தொடவில்லை. முழங்கால்களில் கையை ஊன்றி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தமிழ் தெரியாத வேட்பாளர், போன்களில் ஒலிப்பது என்னவென்று புரியாமல் சபையைப் பார்த்துப் புன்னகைத்தார். கைதட்டல் வராததால், தான் சொன்னது சரியாகப் போய்ச் சேரவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொல் என்று அவளுக்குக் கையைக் காட்டினார்.